கழற்றி வைத்த செயின்

என் நைனாவின் சைக்கிள் செயினைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு வாரம் அவரிடம் பொய் சொன்னேன். போன மே மாத விடுமுறையில் நடந்தது இது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. அம்மா போன பிறகு திருத்தணியில் எங்களோடு இருக்கிறார். என் கணவர் விடிகாலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி நாட்களில் நைனா பகலில் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் கவலைப்பட்டதும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் அவர் சித்தூர் ரோட்டில் சைக்கிளோடு விழுந்தார். எந்த வண்டியும் இடிக்கவில்லை. தலை சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது என்று தூக்கிவிட்டவர்கள் சொன்னார்கள். புருவத்துக்கு மேலே மூன்று தையல். டாக்டர் பிரஷர் மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு, "இனிமே சைக்கிள் வேணாங்க பெரியவரே" என்றார்.

"ஆங், சரிங்க" என்றார் நைனா.

மூன்றாம் நாள் காலை, நெற்றியில் பிளாஸ்திரியோடு, சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டினார்.

"எங்க போற நைனா?"

"சும்மா. ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்."

அன்று முகூர்த்த நாள். மலைக்கோயிலுக்குப் போகும் கல்யாண வேன்கள் எங்கள் தெரு முனையில் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன. நான் கேட்டுக்குப் போய் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட வாசம் வந்த பிறகுதான் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் சாவகாசமாக வந்து, முகம் கழுவிக்கொண்டு, இட்லி ஆயிற்றா என்று கேட்டார்.

பூட்டுச் சாவியை ஒளித்து வைத்தேன். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. டயரில் காற்றை இறக்கிவிட்டேன். பம்பை எடுத்து அடித்துக்கொண்டார். இரண்டுக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து, கட்டிங் பிளேயரால் செயினின் லாக்கை நெம்பி எடுத்தேன். கறுப்புப் பாம்பு மாதிரி செயின் என் கையில் இறங்கியது. ஈரத் தலையோடு அவர் வெளியே வந்தபோது நான் செயினோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரே அழுக்கு நைனா. கிளீன் பண்ணிப் போட்டுக்கலாம்னு கழட்டினேன்."

செயினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆங், பண்ணும்மா" என்றார்.

சொன்னபிறகு செய்துதானே ஆகவேண்டும். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? பக்கத்துத் தெருவில் டிராக்டர் வைத்திருப்பவரிடம் அரை பாட்டில் டீசல் வாங்கி வந்தேன். பழைய பிஸ்கட் டப்பாவில் ஊற்றி, செயினைச் சுருட்டி உள்ளே போட்டு, பின்கட்டில் உட்கார்ந்தேன். பல வருஷத்துப் புழுதி, கெட்டிப்பட்ட கிரீஸ் எல்லாம் கரைந்து டீசல் மைபோல ஆனது. பழைய டூத்பிரஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். சோப்புத் தண்ணீரில் அலசி, கிழிந்த வேட்டித் துணியால் துடைத்து, வெயிலில் போட்டேன். அந்த வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துடைத்தேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதுதான் சிக்கல்.

சாயங்காலம் அவர் கேட்டார். "ஆச்சா?"

"இன்னும் ஊறணும் நைனா."

மறுநாள் அந்தச் சுத்தமான செயினை எடுத்து மறுபடி டீசலில் போட்டேன். அதற்கு மறுநாளும். வெறுமனே டப்பாவில் விட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் பார்க்கும்போது நான் எதையாவது தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. விடைத்தாள் கட்டு ஒன்று திருத்த வேண்டியிருந்தது, இரண்டு தாளுக்கு மேல் ஓடவில்லை. கேட் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடினேன். நகத்தின் இடுக்கில் போன கறுப்பு சீயக்காய் போட்டும் போகவில்லை. சாப்பிடும்போது சாதத்திலும் டீசல் நாற்றம் அடித்தது.

நைனா பிளாஸ்டிக் நாற்காலியைச் சைக்கிள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். கையால் பெடலைச் சுற்றுவார். செயின் இல்லாத பெடல் எதையும் இழுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கடகட சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் உள்ளே போய் மிக்சியைப் போடுவேன்.

ஏழாம் நாள் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. சைக்கிளையும் காணோம். செயின் டப்பாவில் அப்படியே கிடந்தது.

காய்ப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினேன். சித்தூர் ரோட்டில் போய்ப் பார்த்தேன், இல்லை. ஸ்டேஷன் பக்கம் போனேன். அவர் போனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. செயின் இல்லாத வண்டியைச் சரிவில் விட்டுவிட்டாரோ என்று நினைத்ததும் ஒரு ஆட்டோவை உரசப் பார்த்தேன். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் சைக்கிள் கடையில், பெஞ்சின்மேல், கையில் டீ கிளாசோடு அவரைக் கண்டேன்.

கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"புது செயின் போடுன்னாரு டீச்சர். பழசு எங்கன்னு கேட்டேன். பொண்ணு தொடைச்சிகினு கீது, ஏழு நாளா தொடைக்குதுன்னாரு. ஏழு நாளா இன்னாத்த தொடைப்பாங்க? வூட்ல ஏதோ விஷயம் கீதுன்னு புரிஞ்சிது. அதான் போடல. டீ சொல்லி ஒக்கார வெச்சேன்."

எனக்கு பாய் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நைனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் ஸ்கூட்டியில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

"அழுக்குன்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."

"சொன்னா நீ கேட்டிருக்கவா போற?"

"கேட்டிருக்க மாட்டேன். சண்ட போட்டிருப்பேன். அந்தச் சண்டையக்கூட என்ன போட உடலியே நீ."

நான் நின்றுவிட்டேன். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அங்கே நடுத்தெருவில் வெளியே வந்தது. "நீ வுழுந்தா யாரு தூக்கறது? எனக்கு போன் வர்ற வரிக்கும் எந்த ரோட்ல கெடப்ப? அன்னிக்கி அந்த பஸ்சு நிக்காம போயிருந்தா?" கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரும் விடவில்லை. "வூட்ல ஒக்காந்துகினு இருக்கறவன் வுழ மாட்டானா? மாத்தர எப்ப, சோறு எப்ப, எப்ப படுக்கறதுன்னு எல்லாம் நீ சொல்ற. நானும் கேட்டுகினுதான் இருக்கேன். காலையில அந்த ஒரு மணி நேரம் மட்டும் என்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதையும் எடுத்து டப்பால போட்டுக்கினா நான் இன்னாதாம்மா பண்றது?"

அழுகை வந்தது. அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். துண்டில் பாய் கடை கிரீஸ் ஒட்டியிருந்ததால் நான் வாங்கவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் இருவரும் மறுபடி டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை நைனா தானே எல்லாம் சொன்னார், சைக்கிள் ஓட்டியதையும் சேர்த்து. டாக்டர் மாத்திரையை மாற்றினார். பதினைந்து நாள் வண்டியைத் தொடக்கூடாது, தலை சுற்றல் நின்றால் அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்தப் பதினைந்து நாளும் அவர் தொடவில்லை. எனக்காகவா, டாக்டருக்காகவா தெரியாது. செயினை எங்கும் ஒளிக்காமல் கூடத்து ஜன்னலிலேயே வைத்திருந்தேன்.

தலை சுற்றல் நின்றது. மெயின் ரோட்டுப் பக்கம் போகக்கூடாது, போனைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும், அடித்தால் எடுக்க வேண்டும் என்று மூன்று கண்டிஷன் போட்டேன். எங்கே போனாய் என்று கேட்கக்கூடாது என்று அவர் ஒன்று போட்டார். அவர் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் பல்சக்கரத்தில் செயினை ஏற்றி லாக்கைப் போட்டேன். முதல் தடவை லாக் தெறித்து வாழைமரத்தடியில் விழுந்தது. தேடி எடுத்து மறுபடி போட்டேன்.

அவர் ஏறி மிதித்தார். சைக்கிள் சத்தமே இல்லாமல் போனது. முன்பெல்லாம் தெருமுனை திரும்பும்வரை அந்தக் கிரீச் கிரீச் கேட்கும். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று காதால்கூடத் தெரிந்துகொள்ள முடியாதபடி நானே செய்துவைத்திருந்தேன்.

இன்றும் காலையில் போகிறார். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் இரண்டு மூன்று தடவை கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போன் அடிக்கக் கை போகும். பாதி நாள் அடிக்காமல் இருந்துவிடுவேன். மீதி நாள் அடிப்பேன். "இன்னாம்மா" என்று எடுப்பார். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடுவேன்.