போலாரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம்

மாதங்கி மேடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு ஐம்பது வயது. அதற்கு முன் இருபத்துநான்கு ஆண்டுகள் போலாரத்தில் ஒரு பள்ளியில் அந்தத் தீவைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தார். காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி ஒன்று சேர்வதைக் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் வரைவாராம். ஆகஸ்ட் மாதத்தில் நேரில் போய்ப் பார்த்த ஆறு காப்பி நிறத்தில் இருந்தது. இத்தனை வருஷம் குழந்தைகளுக்குப் பொய் சொல்லியிருக்கிறேன் என்று படித்துறையில் உட்கார்ந்து சிரித்தாராம். அந்த வருஷமே பள்ளி வேலையை விட்டுவிட்டார்.

இதெல்லாம் நான் பார்த்ததில்லை. அவருடைய கணவர் வெங்கடகிருஷ்ணன் சார் பின்னால் சொன்னது.

பேகம்பேட்டில் ஒரு மாடியில் இரண்டு அறைகளில் எங்கள் அலுவலகம். நடத்துகிற ஸ்ரீலேகா பள்ளியில் மேடத்திடம் படித்தவர். வருஷத்துக்கு மூன்று முறை பன்னிரண்டு பேரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துப்போவோம். பன்னிரண்டுக்கு மேல் ஒருவர்கூடக் கிடையாது. மாலையில் காச்சிகூடா ஸ்டேஷனில் ரயிலேறினால் மறுநாள் காலை மைசூர்; அங்கிருந்து வேன். தீவுக்குள் முழுக்க நடைதான். கோயில், பாதாளச் சிறை, ஆற்றைப் பார்த்த கோட்டை வாசல், மசூதி என்று நாலரை கிலோமீட்டர். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். புத்தகம் படிப்பவர்கள், கேள்வி கேட்பவர்கள். மேடம் பேசுவார். பயணச்சீட்டு, தங்குமிடம், தலை எண்ணுவது, திரும்பி வந்ததும் நடை அறிக்கை எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். சரித்திரம் படித்துவிட்டு வேலை தேடி இரண்டு வருஷம் அலைந்தபின் கிடைத்த இடம் இது.

முதல் பயணத்தில் ஒரு பெரியவர் நடக்க முடியாமல் மசூதி வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். அவருக்காகப் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அதன்பிறகு மேடம் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, பன்னிரண்டு பேரும் போலாரத்துக்கு வரவேண்டும். தீவில் நடக்கப்போகிற அதே தூரத்தை இங்கே நடக்கவேண்டும். பழைய பங்களா ஒன்றின் காம்பவுண்டுச் சுவர்தான் கோட்டை. ரயில்வே ஸ்டேஷன் கோயில். பாழடைந்த ஒரு ராணுவ பாரக்ஸ் பாதாளச் சிறை. சர்ச் இருக்கும் இடத்தில் மசூதி. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, தீவில் எவ்வளவு நேரம் பேசுவாரோ அவ்வளவு நேரம் பேசுவார். வாக்கிங் வந்த ராணுவக்காரர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். முடிக்க முடியாதவர்களிடம் மேடமே போய் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கடைசியில் சர்ச்சைத் தாண்டி வலதுபக்கம் திரும்பினால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே டீ குடித்துவிட்டுக் கலைவோம்.

இப்படி இருபதுக்கும் மேற்பட்ட ஒத்திகைகள் நடந்திருக்கும். நான் வந்தபிறகு ஏழு. மேடத்துக்கு என்னைப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதும் அறிக்கைகளில் ஒற்றுப்பிழையைச் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்புவார். அதைத் தவிர எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை.

போன ஆகஸ்டில் தீவில் அது நடந்தது.

மசூதியைப் பார்த்து முடித்தோம். வெளியே வந்து இடதுபக்கம் திரும்பிச் சுவரோரமாக ஐந்து நிமிஷம் நடந்தால் எங்கள் வேன். மேடம் வலதுபக்கம் திரும்பினார். புதிதாக எதையோ காட்டப்போகிறார் என்று எல்லோரும் உற்சாகமாகப் பின்னால் போனார்கள். நானும்தான். வீடுகள் முடிந்து கரும்பு வயல் ஆரம்பித்தது. வெயில் ஏறியது. ஒரு பெட்டிக்கடையில் மேடம் நின்று கடைக்காரரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அவர் கையை விரித்தார். பக்கத்தில் போனபோதுதான் எனக்குக் காதில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தொட்டி இருப்பது போலாரத்தில். வேன் டிரைவரை போனில் அழைத்து அங்கேயே வரச்சொன்னேன். ஏறி உட்கார்ந்த மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் குழுவில் உமேஷ் என்று ஒருவர் இருந்தார். வழி தெரியாத வழிகாட்டி என்று ஸ்ரீலேகாவுக்கு நீளமாக மெயில் போட்டார். ஸ்ரீலேகா என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ரோடு வேலை நடந்ததால் சுற்றிப்போனோம் என்று சொன்னேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. மேடத்தின் மேல் இருந்த பரிவினால் சொன்னேனா, அவர் போய்விட்டால் பன்னிரண்டு பேர் முன்னால் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்குமே என்ற பயத்தினால் சொன்னேனா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பரிவு என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

அக்டோபரில் வெங்கடகிருஷ்ணன் சார் என்னைத் திருமுல்கேரி வீட்டுக்கு வரச்சொன்னார். மேடம் கோயிலுக்குப் போயிருந்த நேரம். ராணுவத் தளவாட ஆராய்ச்சியில் முப்பத்தைந்து வருஷம் இருந்த மனிதர். ஒரு ஃபைலை மேஜையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார். ஸ்கேன், டாக்டர் குறிப்பு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தது. மேடத்துக்கு மறதி நோய் என்று ஒன்றரை வருஷமாக அவருக்குத் தெரியும். மேடத்திடமும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே மேடம் அதை மறந்துவிட்டார்.

"இனிமே ஞாபகம் குறையத்தான் செய்யும், கூடாதுன்னுட்டார் டாக்டர்" என்றார் சார். "அடுப்பை அணைக்க மறந்துடறா. பிள்ளை பேரு சமயத்துல வரமாட்டேங்கறது. ஆனா அந்தத் தீவைப் பத்திக் கேட்டுப் பாரு, ஒரு தேதி பிசகாது. அவகிட்டேருந்து அதையும் எடுத்துட்டா அப்புறம் அவள்னு யாரும்மா இருப்பா?"

நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"நவம்பர் ஒரு தடவை அவ போய்ட்டு வரட்டும். நீ முன்னாடி நடந்து போ. வண்டி வர்றதைப் பாத்துக்கறாப்பல. அவ உன் பின்னாடி வருவா. பேச வேண்டியதை அவ பேசிப்பா. ஸ்ரீலேகாகிட்ட நக்கோ, சொல்லவே வேண்டாம். அவளுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே முடிஞ்சுது."

நான் தயங்கியதைப் பார்த்து ஃபைலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் வற்புறுத்தியிருந்தால் ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பேன்.

"ஹவ் சார், முன்னாடி நடக்கறேன்" என்றேன்.

ஆனால் ஸ்ரீலேகாவும் சும்மா இருக்கவில்லை. உமேஷின் மெயில் அவர் மனதை விட்டுப் போகவில்லை போல. ஒத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பேசினார். "நான் வரல பத்மப்ரியா. எங்க மிஸ்ஸை நானே நின்னு பரீட்சை பண்ண என்னால முடியாது. நீ பாத்துட்டு எழுது. நீ எழுதறதுதான் ஃபைனல். ஓகேன்னு எழுதினா நவம்பர் அவங்கதான். இல்லேன்னா நீ."

அதாவது, மேடம் தீவுக்குப் போவாரா மாட்டாரா என்பது என் கையில் இருக்கும் ஒரு தாளுக்கு வந்துவிட்டது. இல்லையென்று எழுதினால் அவருடைய இடம் எனக்கு. எப்படி எழுதினாலும் கை சுத்தமாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை போலாரத்தில் லேசான பனி. பன்னிரண்டு பேரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மேடம் இஸ்திரி போட்ட பருத்திப் புடவையும் கேன்வாஸ் ஷூவும் அணிந்து ஆட்டோவிலிருந்து இறங்கினார். சார் அதே ஆட்டோவில் திரும்பிப் போகவேண்டும் என்று ஏற்பாடு. கூட வந்து நின்றால் சந்தேகம் வரும். போகும்போது என்னை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

நான் முன்னால் நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டி ஸ்கூட்டர்களை நிறுத்துவதுபோல நின்றேன். மேடம் என் பின்னால் வந்தார். ஸ்டேஷன் முன்னால் நின்று கோயிலைப் பற்றிப் பேசினார். பாரக்ஸ் முன்னால் சிறையைப் பற்றிப் பேசினார். சங்கிலியில் கட்டப்பட்ட கைதியின் தோள் எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று சுவரில் கை வைத்துக் காட்டினார். குழுவில் ஒரு பேங்க் மேனேஜர், கோட்டை முற்றுகையின் கடைசி நாளைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டார். மேடம் இரண்டு பக்கத்துப் படைகளின் குறிப்புகளையும் வைத்து, எங்கே அவை முரண்படுகின்றன, எதை நாம் நம்பலாம், எதை நம்ப முடியாது என்று பத்து நிமிஷம் சொன்னார். அதுபோல அவர் பேசி நான் கேட்டதில்லை. மேனேஜர் குறிப்பேட்டை மூடிவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் ஓர் அசட்டு நம்பிக்கை துளிர்த்தது. டாக்டர்களுக்கு எல்லாம் தெரியுமா என்ன? மனதுக்குள் அறிக்கையின் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன்.

லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தார்கள். எல்லோரும் நின்றோம். சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போனது. அது போய் முடிந்து கேட் திறந்தது. நான் நாலடி நடந்து திரும்பிப் பார்த்தேன். மேடம் நகரவில்லை. எதிரே ஒரு கடையின் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கடையின் பெயருக்குக் கீழே போலாரம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.

"இது போலாரமாச்சே" என்றார்.

பலகையை இன்னொரு முறை படித்தார். பிறகு குழுவின் பக்கம் திரும்பினார். வகுப்பில் பேசுகிற குரல் அப்படியே இருந்தது.

"எல்லாரும் மன்னிக்கணும். உங்களைத் தப்பான ஊருக்குக் கூட்டிண்டு வந்துட்டேன்."

மேனேஜர், இல்லை மேடம், இன்றைக்கு ஒத்திகைதானே என்றார் மெதுவாக. மேடம் அதைக் கேட்டார், ஆனால் ஏற்கவில்லை. தன்னைச் சமாதானப்படுத்துவதற்காக அவர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போல. ஒவ்வொருவரிடமும் போனார். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்திருப்பீர்கள், லீவு போட்டிருப்பீர்கள், இந்த வயதில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறீர்கள் என்று தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். பன்னிரண்டு பேரிடமும். அந்த ஒத்திகையை ஏற்படுத்தியவரே அவர்தான் என்பது அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்னம்மாள் என்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் குழுவில் இருந்தார். மேடம் தன்னிடம் வந்தபோது அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

மேடமும் என்னைப் பார்த்தார்.

"நீதானேம்மா முன்னாடி போனே. உனக்கும் தெரியலையா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். சாருக்கு போன் செய்தேன்.

அன்று மதியம் அறிக்கை எழுதினேன். ஆகஸ்டில் நடந்ததையும் சேர்த்து, ரோடு வேலை எதுவும் நடக்கவில்லை என்பதையும் எழுதினேன். உண்மையை எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. ஆகஸ்டிலேயே எழுதியிருந்தால் ஒரு அறைக்குள், ஸ்ரீலேகா முன்னால் மட்டும் முடிந்திருக்கும். பன்னிரண்டு அந்நியர்களிடம் அவரைக் கைகூப்ப வைத்தது நோய் மட்டும் அல்ல.

ஸ்ரீலேகா அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். என்னைத் திட்டவில்லை. நவம்பர் பயணம் என் பெயரில் பதிவானது. மேடத்தின் வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லவேண்டும் என்று இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பிவிட்டார். கடைசியில் நான் போனேன்.

மேடம் ஹாலில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கே" என்றார். "என்னால இனிமே முடியாது. யாராவது வழி தவறி ஆத்துல விழுந்தா யார் பதில் சொல்றது?"

அவ்வளவு தெளிவாக அவரே சொன்னதும், இதோடு முடிந்தது என்று எனக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. சார் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். மூன்று பேரும் குடித்தோம். பேரனைப் பற்றி, இந்த வருஷக் குளிரைப் பற்றிப் பேசினோம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நவம்பர் குரூப்புக்கு ஒத்திகை என்னிக்கு?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்றார். பலமுறை சொல்லிப் பழகிய குரல் அது. இனி எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வார் என்று புரிந்தது.

"ரெண்டு வாரமா?" என்று மேடம் என்னிடம் கேட்டார்.

"ஆமா மேடம்" என்றேன்.