நிதானத்தின் பதினாலு மணி நேரம்

டிப்போவில் எல்லோரும் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸை அப்படி ஓட்டுவார். வேலையில் இருந்த காலமெல்லாம் பயணிகளை விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டவர், அந்த வாசலைத் தாண்டி ஒருநாளும் உள்ளே போனதில்லை. கடல் கடந்து வாழும் மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு மாதமாகியும் பேத்தியைப் போனில்தான் பார்த்திருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் மகள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள்.

“எவ்வளவு தூரம்மா?” என்று போனில் கேட்டார்.

“பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும்ப்பா. பதினாலு மணி நேரம்.”

“நடுவுல எங்க நிப்பாட்டுவான்?”

“எங்கயும் நிக்காது. நேரா இங்கதான்.”

அவருக்குத் தலை சுற்றியது. அவ்வளவு தூரத்தை ஓட்டி முடிக்க அவருக்கு இரண்டு மாதம் பிடிக்கும்.

“ஒரே டிரைவரா?”

மாற்றி மாற்றி ஓட்ட ஆட்கள் இருப்பார்கள் என்று மகள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் பெட்டி கட்டவே சம்மதித்தார்.

விமானம் மேலே ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். இவருக்குத் தூக்கம் வருமா? எதிரே இருந்த சின்னத் திரையில் ஒரு குட்டி விமானம் வரைபடத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. வேகம், கடந்த தூரம், மிச்ச தூரம், மிச்ச நேரம் எல்லாம் அதில் வந்தன. கண்ணெடுக்காமல் அதையே பார்த்தார்.

மறுபக்கத்து இருக்கையில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர். ஆள் மலை மாதிரி. நடுக்கடலுக்கு மேலே விமானம் குலுங்கியதும் அந்த மலை இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

“அண்ணே, விழுந்துடுமா?”

“ரோடு கொஞ்சம் மோசம், அவ்வளவுதான். பாருங்க, வேகத்தைக் குறைச்சிட்டார். வண்டி நல்ல கையில இருக்கு.”

குலுக்கல் நின்றும் பிடி தளரவில்லை. “இன்னும் எவ்வளவு தூரம்ணே?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், இவரும் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெண்மணி திரும்பி, “இப்ப எங்க இருக்கோம் சார்?” என்றார். பின்வரிசையிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“ஓட்டத்தான் தெரியும்னு நினைச்சேன். கடைசியில என்னைக் கண்டக்டராக்கிட்டீங்களே!” என்றார் நிதானம். சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மனைவி விழித்துக்கொண்டாள்.

“என்னங்க, ஊர் வந்துடுச்சா?”

“இன்னும் பாதி இருக்கு, தூங்கு.”

ஆனால் பின்காற்று தள்ளியதில் விமானம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் மகளைக் காணோம். “அவங்க வர்ற வரைக்கும் இருக்கேண்ணே,” என்று பயிற்சியாளர் பெட்டிகளுக்குக் காவல் நின்றார்.

சற்று நேரத்தில் மகள், கலைந்த தலையும் காலுக்கொரு செருப்புமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அப்பா! இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேத்தி தாத்தாவை உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். வலியில் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் முகத்தை விலக்காமல் குனிந்தபடியே நின்றார்.

“வாங்க, கார் நிக்குதாம்,” என்றாள் மனைவி.

“நிக்கட்டும்,” என்றார் நிதானம்.