சிரிக்கக் கூடாது என்று சொன்ன கண் டாக்டர்

கண் டாக்டர் ஞானமுத்து நேற்று இறந்துவிட்டார்… நெஞ்சுவலி.

பள்ளி ரீடிங் ரூம் நண்பர்களே, இந்த போர்டில் நான் ஒட்டியவை பெரும்பாலும் புரளி. இது இல்லை.

போன வருஷம் மைதானத்தில் ஒரு கிரிக்கெட் பந்து என் இடது கண்ணைப் பதம் பார்த்தது. கண்ணடித்து மாட்டிக்கொண்டவர்கள் நம்மில் உண்டு… கண்ணில் அடிபட்டு மாட்டியவன் நான் ஒருவன்தான்.

சில நாள் கழித்து அந்தக் கண்ணில் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை ஏற ஆரம்பித்தது. அப்பா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

இருட்டு ரூமில் உட்காரவைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார் டாக்டர். "விழித்திரை கிழிஞ்சு, சுவத்துல ஒட்டின காகிதம் மாதிரி உரிஞ்சு நிக்குது."

எங்கள் வீட்டில் கிழிசல் இல்லாதது என் கண் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் கலர் பென்சிலால் என் கண்ணின் உட்புறத்தை வரைந்தார். ஒட்டியிருந்த இடம் சிவப்பு, உரிந்த இடம் நீலம்… நம் டிராயிங் மாஸ்டர் பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பார்.

சீமையில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து எந்தக் கண்ணையும் வரையாமல் விட்டதில்லையாம். ஆப்பரேஷனில் ஒட்டாமல் போன கண்களுக்குத் தனி நோட்டு. ஏன் ஒட்டவில்லை என்று ஞாயிற்றுக்கிழமையும் அதையே புரட்டிக்கொண்டிருப்பார் என்றார் நர்ஸம்மா.

"பார்வை வந்துடுமா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"பாதி என் கையில. மீதி உங்க பையன் ஆடாம படுத்திருக்கறதுல."

ஆப்பரேஷன் முடிந்தது. இரண்டு கண்ணுக்கும் கட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை, மூன்று வாரம் மல்லாந்த படுக்கை.

"டேய், இருமாதே, தும்மாதே, சிரிக்காதே. முக்கியமா, பக்கத்து பெட்காரரைச் சிரிக்க வைக்காதே."

"அவருக்கு என்ன டாக்டர்?"

"அவருக்கும் இதே ஆப்பரேஷன்தான். ரெண்டாவது வாட்டி."

பக்கத்து பெட் அண்ணன் நீலசந்திரா பகுதியில் கொத்தனார். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு கண்தான்.

"தம்பி, பொழுதே போவ மாட்டேங்குதுப்பா… எதனா சொல்லேன்."

"டாக்டர் என்னைக் கொன்னுடுவாருண்ணே."

அதற்கே அவர் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம்… நம் வாத்தியார்கள் யாரும் இதை நம்பவில்லை.

என் கட்டைப் பிரித்த அன்று, டாக்டர் என் வலது கண்ணை உள்ளங்கையால் மூடி, இடது கண்ணுக்கு எதிரே விரல்களை நீட்டினார். "எத்தனை?"

"ஒண்ணுமே தெரியல டாக்டர்" என்றேன். சும்மா, விளையாட்டுக்கு.

முந்தின நாள்தான் கொத்தனார் அண்ணனை வேறு ரூமுக்கு அழைத்துப்போய்க் கட்டுப் பிரித்திருந்தார்கள். ஒட்டவில்லை… அது எனக்கு அப்போது தெரியாது.

டாக்டர் விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டார். அவர் முகம் அப்படியே வாடியது. அதைப் பார்த்தது என் இடது கண்.

"மூணு டாக்டர்… மூணு விரல். மன்னிச்சிடுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "போக்கிரி" என்றார். பிறகு, "இன்னொரு வாட்டி சொல்லு."

"மூணு."

இன்று சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம். கொத்தனார் அண்ணன் தானும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரைக் கைபிடித்து அழைத்துவர நீலசந்திராவுக்குப் போகிறேன்.

வருகிறோம், டாக்டர்.