இருநூற்றுப் பதினான்காம் வில்லை

ரைஹானைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. அவள் புருஷனுக்குக் கை கொடுக்க மறுத்தவன் நான். ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கை எடுத்துக் கொடுப்பாள். ஏறி வந்தால் வாங்கிச் சார்ஜில் போடுவாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை வில்லை. இறங்கும்போது அவரவர் வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், மேலே வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். விபத்து என்றால் மீட்புக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

மாட்ட மறந்து வீட்டுக்குக் கிளம்பியவனை அவள் சும்மா விட்டதில்லை. ஒருதடவை பஸ் நிறுத்தம்வரைக்கும் பனியில் ஓடிவந்து, "தொக்தார் அண்ணே! இருக்கீங்களா, செத்துட்டீங்களா? சொல்லிட்டுப் போங்க, நான் சுவத்துக்குப் பதில் சொல்லணும்!" என்று கத்தினாள். பஸ் முழுக்கச் சிரித்தது. என் மானம் போயிற்று.

அவள் புருஷன் ஒரின்பாய் எங்கள் குழுவில் கூரைக்கு முட்டு கொடுக்கிறவன். அதிகம் பேசமாட்டான். நெஞ்சில் எப்போதும் ஒரு இழுப்பு. சுரங்க ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி.

அந்தக் குளிர்காலத்தில் கூரை சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். முட்டுக்கு நல்ல மரம் கொடு, வெடிவாயுவை அளக்கிற வாயுமானி கெட்டுக் கிடக்கிறது, மாற்று என்று கேட்டோம். பார்க்கலாம் என்றது ஆபீஸ். வாசலில் நின்று கோஷம் போட்டால் அரை மணியில் விரட்டிவிடுவார்கள். ஆகவே எங்கள் ஊர் வழக்கப்படி, ஷிஃப்டு முடிந்தும் மேலே ஏறவில்லை. எண்பத்தேழு பேர் கீழேயே உட்கார்ந்துவிட்டோம்.

வேலைநிறுத்தம் என்றால் வீரம், பாட்டு என்று நினைக்கிறீர்கள். ஈரச் சட்டை காயாது. ஒருத்தர் மூத்திரத்தை ஒருத்தர் மோந்துகொண்டு கிடக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு சுருட்டுப் புகையிலைக்காக நானே ஒருவனை அடித்தேன். விலக்கிவிட்டவன் ஒரின்பாய். தன் பங்கை அடிபட்டவனுக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு எதுக்குண்ணே, நெஞ்சுக்குள்ளயே தொழிற்சாலை புகையுது" என்றான். பெண்கள் ஆள் இறங்குகிற கூண்டில் பவுர்சாக் ரொட்டியும் டீயும் இறக்கினார்கள். ரொட்டிக்கு அடியில், துணியில் சுற்றி, சார்ஜ் போட்ட விளக்குகள் இருக்கும். ரைஹான் வேலை அது. அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் நாங்கள் இரண்டாம் நாளே ஏறியிருப்போம்.

ஐந்தாம் நாள் காலையில் காலி ஆணிகளின் எண்களை எழுதிக்கொண்டு போக ஆபீசிலிருந்து ஆள் வரப்போவதாக அவளுக்குத் தெரியவந்தது. எதற்கு என்று சொல்லவா வேண்டும், கீழே இருப்பவர்களுக்குச் சீட்டுக் கிழிக்கத்தான். தொலைந்த வில்லைக்குப் பதிலாகக் கொடுக்க அவள் பெட்டியில் மாற்று வில்லைகள் உண்டு. அதிலிருந்து புருஷனின் எண்ணான இருநூற்றுப் பதினாலை எடுத்து ஒரின்பாயின் ஆணியில் மாட்டினாள். அன்றைக்கு வாயு வெடித்திருந்தால் அவனைத் தேடி ஒரு நாய்கூட இறங்கியிருக்காது. அது தெரிந்தும் மாட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சுவர் சொன்ன ஒரே பொய் அது. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆறாம் நாள், எல்லாம் செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏறினோம். ஒரே அழுகையும் கட்டிப்பிடிப்பும். எனக்கு முன்னால் நின்ற ஒரின்பாய் வில்லையை மாட்டக் கை தூக்கினான். சுவரைப் பார்த்தான். ரைஹானைப் பார்த்தான். மாட்டாமல் வில்லையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவன் முதுகு மறைத்ததில் எனக்கு ஆணி தெரியவில்லை.

பத்து நாளில் வேலை நீக்கக் கடிதம் வந்தது. எண்பத்தாறு பேருக்கு.

சங்கத் தலைவர் கெல்லர் அவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஒரின்பாய், உன் பேரு மட்டும் எப்படிப்பா விட்டுப்போச்சு?"

"தெரியாதுங்க" என்றான். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

உடனே நான் எழுந்தேன். என் நாக்கு அழுகட்டும். "இவன் அன்னைக்கு வில்லையை மாட்டவே இல்லை, நான் கண்ணால பார்த்தேன். ஆபீசோட முன்னாடியே பேசி முடிச்சவனுக்கு வில்லை எதுக்கு?" என்றேன். காட்டிக் கொடுத்தவன் அவன்தான் என்று அன்றைக்கே தீர்ந்துபோயிற்று.

வீட்டில் ரைஹான், "நான் போய்ச் சொல்லிடறேன்" என்று அழுதிருக்கிறாள். "சுவத்துல பொய் வில்லை மாட்டுனா ஜெயிலு. பிள்ளைங்களை யாரு பாக்குறது? வாயை மூடு" என்று இவன் அடக்கியிருக்கிறான்.

அந்த வசந்தத்தில் ஒரு கல்யாண விருந்து. எங்கள் ஊரில் உள்ளே வருகிறவன் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் உட்காருவான். ஒரின்பாய் வந்து வரிசையாகக் கை நீட்டினான். ஒவ்வொருவனாகக் கறித்தட்டைப் பார்த்தோம். என்னிடம் வந்தபோது நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"கை குளிருதாண்ணே?" என்று கேட்டான். குத்தலே இல்லை, நிஜமாகவே விசாரிப்பதுபோலக் கேட்டான். பிறகு ரைஹானைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான்.

மிச்சமிருந்த ஒன்றரை வருஷத்தையும் சுரங்கத்தில் ஓட்டி, ஓய்வூதியம் வாங்கி ஏழு மாதம் இருந்தான். நெஞ்சு நின்றுபோயிற்று.

சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது, எதிரியானாலும் போக வேண்டும். முற்றத்தில் வரிசையாக நின்றோம், நான் கடைசி வரிசையில். தொழுகை முடிந்து இமாம் வழக்கப்படி கேட்டார்: "இவர் எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்" என்று எல்லாரும் சொல்ல வேண்டும். குடிகாரனுக்கும் திருடனுக்கும் சொல்லியிருக்கிறோம். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நாங்கள் எண்பது ஆம்பிளைகள் தரையைப் பார்த்தோம். இமாம் மறுபடி கேட்டார். உருகிய பனிச்சேற்றில் யாரோ கால் மாற்றி நின்ற சத்தம் கேட்டது.

வீட்டுக்குள்ளிருந்து ரைஹான் வெளியே வந்தாள். பெண்கள் அந்த இடத்துக்கு வரக்கூடாது. வந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவனிடமும் காட்டிக்கொண்டே வந்தாள். இந்தக் கையில் ஒரு இருநூற்றுப் பதினாலு, அந்தக் கையில் ஒரு இருநூற்றுப் பதினாலு.

"இது அவரு கீழ ஆறு நாளும் பையில வச்சிருந்தது. இது நான் மாட்டுனது. நான்தான் மாட்டுனேன், அவருக்குத் தெரியாது. பாருங்க, நல்லாப் பாருங்க. தொக்தார் அண்ணே, நீங்களும் பாருங்க!"

இமாம் மூன்றாம் தடவை கேட்டார். "நல்ல மனுஷன்!" என்று கத்தினோம். கெல்லர் குழந்தைபோல அழுதார். யாருக்கு வேண்டும் அந்த அழுகை?

அவள்மேல் யாரும் வழக்குப் போடவில்லை, ஆனால் விளக்கறை வேலை போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறாள். நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் போனபின், "மன்னிச்சிரு தங்கச்சி" என்றேன்.

பால் டீயை ஊற்றி என் முன்னால் வைத்தாள். "எங்கிட்ட எதுக்குண்ணே கேக்குறீங்க? ரெண்டு வருஷமா நானும் வாயத் திறக்கலையே" என்றாள். டீப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "கடைசியில அடிக்கடி ஒண்ணு சொல்லுவாரு. கீழ இருந்த அந்த ஆறு நாளும் நல்லாத்தான் இருந்துச்சு ரைஹான், பக்கத்துல எண்பத்தாறு பேரு இருந்தாங்க அப்படின்னு."