ஒங்க சத்தத்தைக் காணோமே

கல்லலில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் படுக்கைதான், பேச்சும் போய்விட்டது. எது வேண்டுமென்றாலும் "ஆ... ஆ..." என்று கத்துவார். "இந்தா வாரேன்" என்று ஓடுவேன்.

ஒரு நாள் மதியம் கதவைத் தாழிட்டுவிட்டு, அவருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. வலியில் குரலே எழும்பவில்லை. கட்டிலிலிருந்து என்னையே பார்த்தபடி அவர் கத்திக்கொண்டே இருந்தார். தெருவில் யாரோ, "அந்த அண்ணன் எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. கத்திக் கத்தி அவர் தொண்டையில் கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

பக்கத்து வீட்டு மேரிதான் கொல்லைக் கதவை உடைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணன் சத்தம் கேட்டுச்சு, ஒங்க சத்தத்தைக் காணோமேன்னு வந்தேன். இப்படிக் கெடக்கீகளேக்கா!" என்று அழுதாள்.

இடுப்பு தேறிவிட்டது. இப்போது நான் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. பூட்டின் மறுசாவி மேரியிடம் இருக்கிறது. எதிர்வீட்டில் நோயாளி அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் கல்லூரிப் பெண்ணும் நானும் தினமும் போனில் பேசிக்கொள்கிறோம்; ஒருத்தி எடுக்காவிட்டால் மற்றவள் ஓடவேண்டும்.

ஆனாலும் அன்று நான் செத்திருந்தால், யாராவது வரும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்திருப்பார். அவருக்கு ஊட்டும்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது.