மெர்லினுக்குக் கேட்டு வாங்கிய ஃபர்ஸ்ட் குரூப்பு

ராயபுரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை பத்தாவது பாஸானால், எத்தனை மார்க் என்று கேட்பது அன்றைக்கு ஒருநாள்தான். மறுநாளிலிருந்து தெரு முழுக்க ஒரே கேள்வி, "எந்த குரூப்பு?" கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப்பு. அதைச் சொன்னால் கேட்டவர் புருவத்தைத் தூக்குவார். காமர்ஸ் என்றால் "அதுவும் நல்லதுதான்" என்பார். ஹிஸ்டரி குரூப்பு என்றால் பேச்சை மாற்றிக்கொண்டு மீன் விலைக்குப் போய்விடுவார். ஹிஸ்டரி படிக்கிற பிள்ளை அப்படி என்ன பாவம் செய்துவிட்டது என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

இக்னேஷியஸ் மட்டும் கேட்டுவிடப் போகிறாரா என்ன. அவருக்கு ஹார்பரில் லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் நடுக்கடலில் சரிந்துவிடாமல் இருக்க, அடுக்கின் மேலே ஏறி இரும்புக் கம்பிகளை மாட்டி முறுக்கி இறுக்குகிற வேலை. சித்திரை வெயிலில் கன்டெய்னர் தகரம் தோசைக்கல்லாகக் காயும். இவருக்கும் இவர் கூட்டாளிகளுக்கும் மஞ்சள் ஹெல்மெட். இன்ஜினியர்களுக்கு வெள்ளை. வெள்ளை ஹெல்மெட்டுகள் கீழே நின்று கை காட்டும், மஞ்சள் ஹெல்மெட்டுகள் மேலிருந்து தலையாட்டும். ஒருநாள் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சின்ன வயசுதான். வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசுகிற மேஸ்திரிகூட "மேடம், மேடம்" என்று அவள் பின்னாலேயே போனார். மூத்த மகள் மெர்லின் என்ன படிக்க வேண்டும் என்பதை இக்னேஷியஸ் அன்றைக்கு அந்தக் கன்டெய்னர் மேல் நின்றபடியே முடிவு செய்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நல்லது செய்வதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மெர்லினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும். பத்தாவது படிக்கும்போதே அந்த வகுப்பை அவள்தான் எடுத்தாள். யோசேப்பை அவன் அண்ணன்மார் குழியில் தள்ளி விற்ற கதையை அவள் சொன்ன நாளில், ஒரு பொடியன் வீட்டுக்குப் போய்த் தன் அண்ணனோடு மூன்று நாள் பேசாமல் இருந்தான். கதை அப்படி வரும் அவளுக்கு. ராயபுரம் ஸ்டேஷனை யார் கட்டினார்கள், அந்தக் காலத்தில் எந்த ராஜா வந்து இறங்கினார் என்று ஷேர் ஆட்டோவில் தங்கை ஜானட்டுக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். டிரைவர் பாட்டுச் சவுண்டைக் குறைத்துவிட்டுக் கேட்பார். பத்தாவதில் சமூக அறிவியல் தொண்ணூற்றாறு, கணக்கு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு வந்ததே பெரிய காரியம். ஒன்பதாம் வகுப்பு முழுக்கக் கொரோனாவில் போனிலேயே நடந்தது, வீட்டில் இருந்த ஒரே போன் இக்னேஷியஸின் சட்டைப் பையில் ஹார்பருக்குப் போய்விடும்.

கன்னியர் நடத்துகிற பள்ளியில், தலைமை ஆசிரியையான சிஸ்டர், மெர்லினின் மார்க்கைப் பார்த்ததுமே சொன்னார்.

"ஹிஸ்டரி குரூப்ல போடுறேன். இவ பிறவி டீச்சர். பி.ஏ., பி.எட். முடிச்சான்னா நம்ம ஸ்கூலுக்கே வந்துடலாம்."

மெர்லின் முகம் மலர்ந்ததை சிஸ்டர் பார்த்தார். இக்னேஷியஸ் பார்க்கவில்லை.

"அந்த குரூப்பு மட்டும் வாணாம் சிஸ்டர். ஃபர்ஸ்ட் குரூப்பு குடுங்கோ."

"கணக்குல அறுபதாவது வேணும் சார்."

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்கூல் சீட்டோ, ஆஸ்பத்திரி பெட்டோ, எது நகராவிட்டாலும் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். சாமியார் சொன்னால் கன்னியர் தட்ட மாட்டார்கள் என்பது கணக்கு. இக்னேஷியஸ் இத்தனை வருஷமாகத் திருவிழாவில் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தவர், தனக்கென்று எதுவும் கேட்டு அந்த வாசலில் நின்றதில்லை. இப்போது நின்றார். இப்படி ஒரு மனுஷன் வாய்விட்டுக் கேட்கிறானே என்று சாமியாருக்கும் மனசு இளகிவிட்டது. அங்கேயே சிஸ்டருக்குப் போன் போட்டார். சீட்டு கிடைத்துவிட்டது. அந்த வாசலில் மெர்லினும்தான் நின்றுகொண்டிருந்தாள். சாமியாரும் அவளைக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "டாடி, எனுக்கு கணக்கு வராது டாடி."

"வராதுன்னா இன்னா? அது இன்னா பஸ்ஸா? நாமதான் வரவெச்சிக்கணும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் இக்னேஷியஸ் தண்டோரா போட்டார். அன்பியக் கூட்டத்தில், அதாவது தெருக்காரர்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கிற கூட்டத்தில், நன்றி மன்றாட்டு சொல்லும் நேரம் எழுந்து நின்று, "எம் பொண்ணுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு குடுத்த ஆண்டவருக்கு நன்றி" என்று கணீரென்று சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மெர்லினும் சொன்னாள்.

ப்ளஸ் ஒன்னில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஸ்கூல் விட்டதும் கொருக்குப்பேட்டையில் ட்யூஷன். ரயில்வே கேட்டு மூடியிருந்தால் கூட்ஸ் வண்டி முழுக்கப் போகிற வரை தண்டவாளத்து ஓரம் நின்று ஃபார்முலா ஒப்பிப்பாள். மனப்பாடம் பண்ணியே கரையேறிவிடலாம் என்று நம்பினாள். கணக்கு மனப்பாடத்துக்கு மசிகிற ஜென்மமா. ரிசல்ட்டில் கணக்கும் பிசிக்ஸும் போய்விட்டன. துணைத் தேர்வில் பிசிக்ஸ் தேறியது, கணக்கு தேறவில்லை.

சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். "இப்பவும் கெட்டுப் போகல. ஹிஸ்டரி குரூப்ல மறுபடி ப்ளஸ் ஒன் சேத்துக்கறேன். ஒரு வருஷம்தான் போகும். இல்லன்னா ப்ளஸ் ஒன் கணக்கையும் ப்ளஸ் டூ கணக்கையும் ரெண்டையுமே பாஸ் பண்ணணும். ரெண்டுல ஒண்ணு நின்னாலும் சர்டிஃபிகேட் கிடையாது, காலேஜும் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று மாலை, இக்னேஷியஸ் ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும், மெர்லின் எதிரில் வந்து நின்றாள். அப்பாவிடம் அவள் வாழ்க்கையில் எதையாவது வாய்விட்டுக் கேட்டது அது ஒரு தடவைதான்.

"டாடி, நா மாறிக்கிறேன் டாடி. ஒரு வருசம் போனா போவுது. ஹிஸ்டரின்னா நா ஸ்கூல் ஃபர்ஸ்ட்டே வருவேன்."

"எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன். இப்ப இன்னா சொல்ல சொல்ற? லாஷிங்காரன் பொண்ணு ஏறத் தெரியாம கீய எறங்கிட்சின்னு சொல்லட்டுமா? ஜெரால்டு பையன் படிக்கல?"

ஜெரால்ட் அவரோடு கம்பி மாட்டுகிறவர். அவர் பையன் ஃபர்ஸ்ட் குரூப்பு படித்து இன்ஜினியரிங் போய்விட்டான். அவனுக்குக் கணக்கு வந்தது, படித்தான். இதற்கும் மெர்லினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் அந்த வீட்டில் ஆளில்லை. அம்மா வியாகுலம், மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள், அடுப்படியிலிருந்து, "அது கேக்குறத குடுத்துடேன்யா, வாய்க்கைல அது இன்னாத்த கேட்டுது" என்றாள். இக்னேஷியஸ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாளும் வீட்டில் கை நனைக்கவில்லை. அதற்கும் அடுத்த நாள் மெர்லின் தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, "சரி டாடி, இதையே படிக்கிறேன்" என்றாள். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று அவர் திருப்தியாகச் சாப்பிட்டார். எனக்கு அந்தச் சோற்றை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சிஸ்டர் சொன்னபடியே ஆயிற்று. ப்ளஸ் டூவில் தமிழில் தொண்ணூற்றிரண்டு, கணக்கில் பத்தொன்பது. ப்ளஸ் ஒன் கணக்கும் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு இரண்டு தடவை எழுதினாள். மூன்றாம் தடவை பணம் கட்டக் கடைசி நாள் என்று வியாகுலம் ஞாபகப்படுத்தியபோது, "வுடும்மா" என்றாள்.

மறைக்கல்வி வகுப்பும் அத்தோடு நின்றது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா, கோயில் வாசலில் இன்னொருத்தியிடம், "ஃபெயிலான பொண்ணு இன்னாத்த சொல்லிக்குடுக்கும்" என்று சொன்னது மெர்லின் காதில் விழுந்துவிட்டது. சண்டை போடவில்லை. வகுப்புச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் ஆள் எடுத்தார்கள். காலை ஆறரைக்குத் தெருமுனைக்கு வேன் வரும். தலைக்கு வலை, நீல ஓவர்கோட்டு. போகிறாள், வருகிறாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பேச்சில்லை. ஷேர் ஆட்டோவில் ஜானட் எதையாவது காட்டி "அது இன்னாக்கா?" என்று கேட்டால், "தெர்ல" என்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இக்னேஷியஸுக்கு உறைக்க அவ்வளவு நாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு ஜன்னலைத் தாண்டிப் போனார். உள்ளே புதிதாக வந்தவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் இதே ஜன்னலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'எம் புள்ள வாய நானே கட்டிட்டேனே' என்று அவருக்கு அப்போதுதான் பட்டது. நேராகப் பள்ளிக்குப் போய், கன்னியர் இல்லத்துக் கதவைத் தட்டி, சிஸ்டரிடம் கேட்டார். தனித்தேர்வராக ஹிஸ்டரி குரூப்பை முதலிலிருந்து எழுதலாம், நானே சொல்லித் தருகிறேன் என்றார் சிஸ்டர். இக்னேஷியஸ் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

மெர்லின் ஓவர்கோட்டை அலசிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். குரல் உயர்த்தவில்லை, அழவும் இல்லை.

"இப்ப எதுக்கு டாடி. அப்ப எனுக்கு ஆசயா இருந்துச்சி. இப்ப இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அடுத்த வருஷம் ஜானட் பத்தாவது பாஸானாள். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், கணக்கிலும்தான். எந்தச் சாமியாரும் போன் போடத் தேவையில்லை. "எந்த குரூப்பு?" என்று கேட்ட தெருக்காரர்களிடம் இக்னேஷியஸ், "அத்த அதுதான் சொல்லணும்" என்றார். வியாகுலத்திடம் சத்தியமே பண்ணினார். இந்தத் தடவை நான் வாய் திறக்க மாட்டேன், பிள்ளை ஹிஸ்டரி என்றாலும் சரி, தையல் என்றாலும் சரி, தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுவேன் என்றார். லீவு போட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஜானட்டைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். வழி நெடுக அவருக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. மூத்தவளுக்குச் செய்த பாவத்தில் ஒரு பங்காவது இன்றைக்குக் கழியும் என்று நம்பினார்.

சிஸ்டர் அவள் மார்க்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா குரூப்பும் உனக்குத் திறந்துதான் இருக்கு. உனக்கு எது வேணும் ஜானட்?"

ஜானட் அப்பாவைப் பார்த்தாள். "டாடி சொல்றது."

"நா ஒண்ணியும் சொல்ல மாட்டேன்மா," என்றார் இக்னேஷியஸ். "உனுக்கு இன்னா புடிக்குதோ அத்த சொல்லு. எதுவா இருந்தாலும் சரி. டாடி கோச்சிக்க மாட்டேன்."

அவள் சிஸ்டரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வெளியே அடுத்த பெற்றோர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லும்மா. உனுக்குன்னு ஒரு ஆச இருக்கும்ல?"

"இல்ல டாடி," என்றாள் ஜானட். பயந்த மாதிரி இல்லை, கோபமாகவும் இல்லை, கடையில் இல்லாத சாமானை இல்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "அக்காவ பாத்துகினேதான இருந்தேன். ஆசப்பட்டாதான கஷ்டம். அதான் நா எதுக்கும் ஆசப்படாமயே இருக்கப் பயகிட்டேன். நீயே எதுனா சொல்லிடு டாடி. எதுவா இருந்தாலும் படிக்கிறேன்."

சிஸ்டர் அவரைப் பார்த்தார். இக்னேஷியஸ் வாயைத் திறந்தார். எந்தக் குரூப்பின் பெயரும் வரவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சிஸ்டர் எதிரிலேயே, சத்தம் போட்டு அழுதார்.