வெத்திலைச் சாறும் ஒரு பொட்டு ரத்தமும்

சாய்ந்தமருதில் போறணைக்கார ஸைனுலாப்தீனைத் தெரியாத ஆள் இல்லை. தெரியும், அவ்வளவுதான். உட்கார்ந்து நாலு வார்த்தை கதைத்தவர்கள் குறைவு. அஸர் தொழுதுவிட்டு பேக்கரியின் பின்கதவால் உள்ளே போவார். விறகைத் தள்ளிப் போறணையை மூட்டுவார், மாவைப் பிசைந்து மூடி வைப்பார், அது பொங்கி வருகிறவரைக்கும் ஒரு வெத்திலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஊர் தின்கிற பாணில் பாதி அவர் கைபட்டது. அவர் வீட்டில் பாண் தின்ன வேறு ஆள் கிடையாது.

சுனாமி வந்த அன்றைக்குக் காலையிலும் இராவேலை முடியாமல் அவர் பேக்கரியில்தான் நின்றார். கடலோரத்து வீட்டில் பெண்சாதி நபீஸாவும் ஒன்றரை வயதுப் பிள்ளை பாஹிமாவும். நபீஸாவின் உடம்பு மையத்தாகக் கிடைத்தது. அடக்கினார். பிள்ளை கிடைக்கவில்லை. எத்தனையோ முகாம், எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கொடுத்தார்கள். மறு கலியாணம் பேசி வந்தவர்களிடம் அவர் சொன்ன நியாயம் ஒன்றே ஒன்று. எங்கட பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்குப் போகவேண்டும். "நான் அங்க போனா இந்த ஊட்டப் பூட்டோணும். புள்ள வந்து கதவத் தட்டினா ஆரு திறக்கிற?" என்று கேட்பார். கேட்டவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போவான்.

பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். என்ன பைத்தியம்? பெண்பிள்ளை பிறந்த அன்றைக்கே வீட்டைப் பற்றி யோசிக்கிற ஊர் இது. வீடு பிள்ளைக்கு. அவரிடம் வீடு இருந்தது, பிள்ளைதான் இல்லை. வேலைக்குப் போகும்போது சாவியை எதிர்க்கடை ஹஸனிடம் கொடுத்துவிட்டுப் போவார். "ஆரும் வந்தாத் திறந்து விடு." ஒருத்தரும் வந்ததில்லை. ஹஸனும் அந்தச் சாவிக்கென்று சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தான்.

இப்படி இருபது வருசத்துக்கு மேல் போயிற்று. அதற்கு மறுகாத்தான், பிறகுதான், ஒருநாள் பின்னேரம் பேக்கரிப் பின்பக்கம் ஒரு மனிசன் வந்து நின்றார்.

"ஸைனுலாப்தீன் காக்கா நீங்களா?"

"நான்தான். பாண் இன்னும் போடல்ல."

"பாணுக்கு வரல்ல காக்கா. நான் மக்கீன், அக்கரைப்பற்று. நெல்லுக்கடை வச்சிரிக்கன். ஒரு விசயம் கதைக்கணும்."

மக்கீனுக்குப் பின்னால், விறகுக் குவியலோடு ஒட்டிக்கொண்டு, கறுப்பு அபாயா போட்ட ஒரு பிள்ளை நின்றாள். பேர் ஸஹ்றா. மக்கீன் சொல்லச் சொல்ல ஸைனுலாப்தீன் மாப் பிசைந்த கையோடு நின்று கேட்டார். சுனாமிக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்த பிள்ளை. பேர் கேட்டால் அழுமாம். பள்ளிவாசல்களில் அறிவித்தும் ஒருத்தரும் வரவில்லை. பிள்ளை இல்லாத மக்கீனும் பெண்சாதியும் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள். பெத்த பிள்ளை என்றே சொல்லி வளர்த்துவிட்டார்கள். அங்கேதான் பிழை.

இப்போது இன்ஸாப் என்று ஒரு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. கலியாணக் காவின் எழுதப் பெண்பக்கத்தில் வலி வேண்டும், பெண்ணைப் பொறுப்பாக நின்று கொடுக்கிறவர். பெத்த வாப்பாதான் வலி. வளர்த்தவர் ஆக ஏலாது. மக்கீன் அல்லாஹ்வுக்குப் பயந்த மனிசன், காவின் பதிகிற காதியாரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டார். காதியார் சொன்னாராம்: வாப்பா ஆரென்று தெரியாவிட்டால் நான் வலியாக நிற்பேன், ஆனால் உயிரோடு ஒரு வாப்பா இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வா. விசாரித்ததில் பள்ளிவாசல் ஆட்கள் போறணைக்காரரைக் காட்டினார்கள்.

"டிஎன்ஏ பாத்தாத் தெரியுமாம் காக்கா. கல்முனையில எடுத்து கொழும்புக்கு அனுப்புறாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

ஸைனுலாப்தீன் தலையை ஆட்டிவிட்டுக் கையில் ஒட்டிய மாவைத் துடைத்தார். அந்தப் பிள்ளை திரும்பி ஆட்டோவுக்குப் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நபீஸாவின் நடை என்று பட்டது. கறுப்பு அபாயாவுக்குள் என்ன நடையைக் கண்டாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அன்றைக்குப் பாண் ஒரு தட்டுக் கருகிப்போனது.

அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது சாவியை ஹஸனிடம் கொடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன காக்கா, என்னை நம்பிக்கையில்லையா?"

"இனித் தேவையில்லடா. புள்ள வந்திட்டு."

கல்முனையில் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் கிசோக் என்றொரு தம்பி. பாண்டிருப்புப் பெடியன். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தைத் தேய்த்து எடுத்தான். ஸஹ்றாவுக்கும் அப்படியே.

"வெத்திலை போடுறீங்களா காக்கா?"

"போடுறதான்."

"இண்டைக்கு?"

"காலையில ஒண்டு."

கிசோக் உதட்டைப் பிதுக்கினான், ஆனாலும் அனுப்பினான். பிழையாகிவிட்டது. பிள்ளையின் மாதிரி சரியாம், இவருடையது பெருகவில்லையாம். மறுபடி கூப்பிட்டார்கள்.

"பெருகல்ல எண்டா?" என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

"கன்னத்தில இருந்து எடுக்கிறது கண்ணுக்கே தெரியாத அளவு, காக்கா. அத வச்சு ஒண்டும் பாக்க ஏலா. ஒரு மெசினில வச்சுச் சூடாக்குவாங்க. அதுக்குள்ள இருக்கிற சரடு ரெண்டாப் பிரியும். ஆற விட்டா ஒவ்வொரு சரடும் தன்னைப் போல இன்னொண்டக் கட்டும். திரும்பச் சூடு, திரும்ப ஆற விடுறது. ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும், அப்பிடியே போய் கோடிக்கணக்கில வரும். மறுகாத்தான் ரெண்டு பேருடையதையும் பக்கத்தில வச்சு ஒத்துப் பாக்கிற."

"தன்பாட்டில கட்டுமா?"

"அதுக்கு ஒரு சாமான் போடணும். மகாஓயாவில வெந்நீர் ஊத்து இரிக்கில்லையா, அது மாதிரி ஒரு ஊத்தில இருந்த கிருமியில கண்டு பிடிச்சதாம். எவ்வளவு சூட்டுக்கும் சாகாது."

"சூட்டில சாகாத ஈஸ்டா?" ஸைனுலாப்தீன் முதல்தரம் சிரித்தார். "எங்கட முதலாளிக்கு ஒரு போத்தல் எடுத்துத் தாவன்."

"சூட்டில சாகாது காக்கா, ஆனா உங்கட வெத்திலைச் சாத்தில மடங்கிப் போகுது. இரவில இருந்து வெத்திலை தொடாம, வாய நல்லாக் கொப்பளிச்சிட்டு வாங்க."

மனிசனுக்கு நன்றாக விளங்கியது. ஈஸ்ட் செத்தால் மா பொங்காது. சின்ன வயதில் இருந்து பார்க்கிற விசயம்.

ஒரு தவணை தள்ளிப் போனதில் வேறொன்று நடந்தது. மக்கீன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். ஒருவேளை வாப்பாவாக இருந்தால் பழகட்டும் என்று. பிள்ளை உள்ளே வரமாட்டாள். வாசல் கதிரையில் மக்கீனுக்கு அந்தப் பக்கம் இருப்பாள். வாப்பாவா, அந்நிய ஆம்பிளையா என்று தீரவில்லையே. தீர்ந்தால்தான் அவர் முன்னால் முக்காட்டைத் தளர்த்தலாமா, கையைத் தொட்டு ஸலாம் சொல்லலாமா என்று தெரியும். கூப்பிடவும் ஒரு சொல் இல்லை. "இஞ்ச பாருங்க" என்பாள். அதைத்தான் ஸைனுலாப்தீன் வாரம் முழுக்க மனசில் வைத்துக்கொண்டு இருந்தார்.

சூடாக றோஸ் பாண் கொண்டு வந்து வைத்தால், கருகின ஓரத்தைப் பிய்த்து முதலில் தின்பாள்.

"நபீஸாவும் அப்பிடித்தான்" என்றார் ஒருதரம்.

"கருகினத எல்லாரும் தின்னுறதான் காக்கா" என்றார் மக்கீன். "என்ட ஊட்டுக்காரிக்கும் அதுதான் விருப்பம். அவளப் பாத்துத்தான் இவளும்."

ஸைனுலாப்தீன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கி அங்கே மாட்டினார். கண்ணாடியில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது.

இரண்டாம்முறை மாதிரி கொடுக்கிற நாள் விடிய ஸுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், வெத்திலைத் தட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். முடிவு வந்தால் ஒன்று ஓம், இல்லையென்றால் இல்லை. இல்லையென்று வந்தால் வெள்ளிக்கிழமை இல்லை. வராமல் கிடந்தால்? வராமல் கிடக்கிறவரைக்கும் அவள் வருவாள். வெத்திலையை எடுத்தார். சுண்ணாம்பைக் கூடுதலாகத் தடவினார். நன்றாக மென்று, சாற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து துப்பினார். சும்மா ஒரு தரம் கொப்பளித்தார். முப்பது வருசக் கறை பிடித்த வாய். நேற்றுப் போட்டதா இன்றைக்குப் போட்டதா என்று ஆருக்குத் தெரியும்?

கிசோக்குக்குத் தெரியவில்லை. கொழும்பு மெசினுக்குத் தெரிந்தது. அதுவும் பெருகவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை மக்கீன் படலைக்கு வெளியே போனில் ஆருடனோ நெல்லு விலை கதைத்துக்கொண்டு நின்றார். ஸஹ்றா வாசலில் நின்றாள். கதிரையில் இருக்கவில்லை.

"இஞ்ச பாருங்க. அண்டைக்கு நீங்க வெத்திலை போட்டிட்டு வந்தீங்களா?"

ஸைனுலாப்தீன் தண்ணிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு மணத்தது. அங்க வச்சே மணத்தது. நான் வாப்பாக்கிட்டச் சொல்லல்ல." அவள் குரல் உயரவில்லை. "இன்ஸாப்ட உம்மா ஆள் விட்டிரிக்கா. ஆருட புள்ளயெண்டு தெரியாம இன்னும் எத்தின நாளைக்கு இரிக்கிறதாம் எண்டு. கலியாண நாள் ரெண்டு தரம் தள்ளியாச்சி. உங்களுக்கு நான் உங்கட புள்ளயா இரிக்கிறத்துக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க. சொன்னா நான் வரமாட்டன். அதுக்கு இப்பிடிச் செய்யத் தேவையில்ல."

அவர் நினைத்ததற்கு நேரெதிராக அல்லவா பிள்ளை விளங்கியிருக்கிறாள். அதை எப்படி விளக்கிச் சொல்வது? நீ வருவதற்காகத்தான் உன்ட கலியாணத்தைக் கெடுத்தேன் என்றா? சொல்லிப் பழகாத வாய்.

"ரத்தத்தில எடுக்கலாமெண்டு அந்தத் தம்பி சொன்னான்" என்றார் கடைசியில். "நாளைக்கே போவம். ரத்தத்தில வெத்திலை இல்ல மனே."

மகளே என்கிற அந்த மனே தன்னையறியாமல் வந்துவிட்டது. அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிசோக் விரல்நுனியில் குத்தி, ஒரு தடித்த வெள்ளை அட்டையில் ரத்தத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்தான். இந்த முறை பெருகியது. தெளிவாகப் பெருகியது. வாப்பா இல்லை.

கிசோக் அதைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னான். பிள்ளைக்கு ஒவ்வொரு இடத்திலும் பாதி உம்மாவிடம் இருந்து, பாதி வாப்பாவிடம் இருந்து வருமாம். வாப்பாவிடம் இருந்து வரவேண்டிய பாதி இவரிடம் பல இடங்களில் இல்லையாம். ஸைனுலாப்தீன் தலையாட்டினார். மக்கீன் மூச்சை விட்டார். அந்த மூச்சில் இருந்தது கவலை மட்டும் இல்லை, அதில் பிழை சொல்லவும் ஏலாது, வளர்த்தவர் அல்லவா. ஸஹ்றா வெளியே நின்றாள். ஆட்டோவில் ஏறும்போது திரும்பி முதல்தரம் ஒரு சொல் வைத்துக் கூப்பிட்டாள்.

"மாமா, கலியாணத்துக்கு வரணும்."

மரியாதையான சொல்தான். ஊரில் எல்லாக் கிழவனையும் கூப்பிடுகிற சொல். ஸைனுலாப்தீனுக்கு "இஞ்ச பாருங்க" நன்றாக இருந்தது.

கலியாணத்துக்குப் போனார். காதியார் வலியாக நின்று காவின் முடித்தார். பெண் இருந்த அறைப்பக்கம் இவர் போக ஏலாது, அந்நிய ஆள். தெரியாத ஐந்து பேரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டார். பக்கத்தில் இருந்தவன் கேட்டான், "நீங்க பொண்ணுட பக்கமா, மாப்பிள்ளைட பக்கமா?"

"நான் பாண் போடுற" என்றார். அவன் இறைச்சித் துண்டை இவர் பக்கம் தள்ளிவிட்டான்.

திரும்பி வரும்போது பஸ்சில் ஊரையும் தாண்டிப் போய்க் கல்முனையில் இறங்கி கிசோக்கிடம் போனார்.

"தம்பி, அந்த ரத்தம் வச்ச அட்டைய எறிஞ்சிருவாங்களா?"

"நீங்க வைக்கச் சொன்னா வைப்பாங்க காக்கா. ஏன்?"

"பழுதாகாதா?"

"காய்ஞ்ச ரத்தம் கன காலம் கிடக்கும். அதில ஒரு துணுக்கு வெட்டினாலும் காணும், திரும்பப் பெருக்கலாம். இனி ஆரும் வந்தா அவங்கட கன்னத்தில மட்டும் தேய்ச்சாச் சரி. நீங்க வரவே தேவையில்ல. உங்களுக்குப் பிறகெண்டாலும் பாக்கலாம்."

"அப்ப வைக்கச் சொல்லு."

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு ஸைனுலாப்தீன் கதவைப் பூட்டினார். சட்டைப் பையைத் தடவினார். ரோட்டைக் கடந்து போய்ச் சாவியை ஹஸனின் மேசையில் வைத்தார்.

ஹஸன் சாவியையும் பார்த்தான், ஆளையும் பார்த்தான். "புள்ள வந்திட்டெண்டு சொன்னீங்க?"

"அது வேற ஆள்ட புள்ள."

ஹஸன் எழும்பினான். ஆணி இன்னும் சுவரில்தான் இருந்தது. இந்த நாட்களில் அதில் ஒரு தொப்பியை மாட்டி வைத்திருந்தான். தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சாவியை மாட்டினான்.

"ஆரும் வந்தா..."

"திறந்து விடுறன் காக்கா. போங்க, மா புளிச்சிரும்."